வானம், நோட்டு, நடை: என் ரசனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகப் பழக்கமாகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். என்ன பிடிக்கும், ஏன் பிடிக்கும், அதனால் என்ன கிடைக்கிறது, வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சில கேள்விகளுக்கு நீளமாகப் பேசியிருக்கிறேன், சிலவற்றுக்கு ஓரிரு வரிதான்.

உங்கள் பொழுதுபோக்கு என்ன?

இரவு வானம் பார்ப்பது. அதிலும் குறிப்பாக, வெளிச்சம் கூடிக் குறையும் விண்மீன்களைத் தொடர்ந்து கவனிப்பது. அடுத்து, பார்த்ததைக் கையால் எழுதி வைப்பது, தினமும் நடப்பது, படித்த புத்தகத்தையே மறுபடி படிப்பது. நாலும் தனித்தனி என்று தோன்றினாலும் எனக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரே பொருளிடம் திரும்பத் திரும்பப் போவேன், போன தடவை கண்ணில் படாதது இந்தத் தடவை படுகிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான் என் ரசனை.

விண்மீனில் அப்படி என்ன இருக்கிறது பார்க்க? தினமும் அதேதானே?

அல்கோல் என்று ஒரு விண்மீன், பெர்சியஸ் என்கிற விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது, வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு தடவை மங்கும். மங்க ஆரம்பித்து ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும், அப்புறம் அதே அளவு நேரத்தில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு ஏறிவிடும். முன்னிரவில் பார்த்தால் பக்கத்துக் கூட்டத்தின் அல்மாக் விண்மீனுக்குச் சமமாக இருக்கும், சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அல்மாக் அப்படியே இருக்கிறது, இது மட்டும் யாரோ திரியைக் குறைத்துவிட்ட மாதிரி இறங்கி நிற்கும். கண்தான் ஏமாற்றுகிறதோ என்று முதலில் சந்தேகம் வரும். அடுத்த சுற்றில் சொன்ன நேரத்துக்கு அது மறுபடி மங்கும்போது சந்தேகம் போய்விடும்.

அங்கே நடப்பது கிரகணம். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, மங்கலானது பிரகாசமானதன் முன்னால் வரும்போது வெளிச்சம் குறைகிறது. இந்தக் கால அளவைக் கணக்கிட்டுச் சொன்னவர் ஜான் குட்ரிக், இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்தவர், காது கேளாதவர். 1783-ல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு அவருடைய கணக்கு போனபோது அவருக்கு வயது 18. இருண்ட பொருள் ஒன்று அல்கோலைச் சுற்றி வந்து மறைக்கிறதோ என்றும் அப்போதே எழுதியிருந்தார். அது சரி என்று நிறமாலை மூலம், அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து, உறுதியாக 1889 வரை ஆனது. குட்ரிக் 1786-லேயே, 21 வயதில், இறந்துவிட்டார். உங்களுக்குப் பிடித்த மனிதர் யார் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இவர் பெயரைத்தான்.

திருவாதிரை வெடிக்கப் போகிறதாமே?

இதைக் கேட்காதவர்களே இல்லை. 2019 கடைசியில் திருவாதிரை, அதாவது ஓரியன் கூட்டத்தின் தோளில் இருக்கும் அந்தச் செந்நிற விண்மீன், மளமளவென்று மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் இன்னொரு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கே வந்துவிட்டது. சாதாரணமாக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அந்த வாரங்களில் எது பெரிது என்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. மாலையில் இருட்டியதும் வெளியே வந்து முதலில் அந்த இரண்டு தோளையும்தான் பார்ப்பேன். அப்புறம் தெரிந்தது, விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து வீசி எறிந்த பொருள் குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்திருக்கிறது. ஒருநாள் அது நிச்சயம் வெடிக்கும், ஆனால் அந்த ஒருநாள் ஒரு லட்சம் வருடத்துக்குள் என்கிற மாதிரியான கணக்கு. வெடித்தாலும் அது இருக்கும் தூரத்துக்கு நமக்கு ஆபத்து இல்லை.

பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கிறீர்களா?

இல்லை. பைனாகுலர் ஒன்று, 10×50. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். ஐம்பதைப் பத்தால் வகுத்தால் வருகிற ஐந்து மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம். இருட்டில் விரிந்திருக்கும் கண்மணிக்கு அது பொருத்தமாக இருக்கும். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகித் தெரியும், அப்புறம் முக்காலி இல்லாமல் முடியாது.

இதை வைத்து வியாழனின் நான்கு பெரிய நிலவுகளைப் பார்க்கலாம், சுவரிலோ தூணிலோ சாய்ந்து கையை அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். கலீலியோ 1610 ஜனவரியில் பார்த்த அதே நான்கு. உள்ளே இருக்கும் அயோ இரண்டு நாளுக்குள் ஒரு சுற்று முடித்துவிடும், அதனால் இன்று பார்த்த வரிசை நாளைக்கு இருக்காது. சனியின் வளையம் மட்டும் இதில் தெரியாது, கொஞ்சம் நீண்ட புள்ளியாகத்தான் இருக்கும். அதற்கு டெலஸ்கோப் வேண்டும், அதற்காகவாவது ஒரு தடவை யாரிடமாவது கேட்டு எட்டிப் பாருங்கள். அந்த வளையத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர் யாரையும் நான் கண்டதில்லை.

நாங்களும் நிமிர்ந்து பார்க்கிறோம், ஒன்றும் தெரியவில்லையே?

எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒரு தடவை ஃபோனை எடுத்து மணி பார்த்தால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளிச்சம் கட்டாயம் வேண்டுமென்றால் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். இருட்டில் வேலை செய்கிற விழி செல்கள் சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை.

இன்னொன்று, மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். விழித்திரையின் நட்டநடுவில் அந்த செல்கள் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் காணாமல் போனது தோன்றும், நேராகத் திரும்பினால் மறுபடி மறையும். ஆண்ட்ரோமீடா என்கிற விண்மீன் மண்டலத்தை முதன்முதலில் பார்க்கிறவர்கள் எல்லோரும் இந்த விளையாட்டில்தான் பிடிப்பார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய திட்டு, அவ்வளவுதான் தெரியும். அதன் வெளிச்சம் 25 லட்சம் வருடத்துக்கு முன் கிளம்பியது. மனித இனமே அப்போது கிடையாது.

ஃபோட்டோ எடுத்து வைக்கலாமே?

எடுக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நான் எடுப்பதில்லை. கேமரா பல நிமிடம், பல மணி நேரம் வெளிச்சத்தைச் சேர்த்து வைத்து நிறத்தைக் கொண்டுவருகிறது. கண்ணால் அப்படிச் சேர்க்க முடியாது. அதனால் படத்தில் செந்நிறமாகச் சுடர்விடும் ஓரியன் மேகம் நேரில் சாம்பல் பூத்த புகை மாதிரிதான் இருக்கும். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதனாலேயே ஏமாந்து போகிறார்கள். எனக்கு அந்தப் புகையே போதும், ஏனென்றால் அது என் கண்ணில் நேராக வந்து விழுந்த வெளிச்சம். நடுவில் யாரும் இல்லை.

நோட்டில் என்ன எழுதுகிறீர்கள்?

தேதி, நேரம், வானத்தின் நிலை, பார்த்த விண்மீன், அதைவிடப் பிரகாசமாக இருந்தது எது, அதைவிட மங்கலாக இருந்தது எது. கடைசியில் அதன் வெளிச்சம் எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு. ஒரு பதிவு ஒரு வரி, சில நாள் இரண்டு வரி. பென்சிலால்தான் எழுதுவேன், பனி விழுந்து தாள் ஈரமானாலும் அது கரையாது. சிவப்பு மையில் எழுதினால் சிவப்பு வெளிச்சத்தில் எழுத்தே தெரியாது, தாள் வெற்றாக இருக்கும், இது புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நிறைய நாள் "மாற்றம் இல்லை" என்றுதான் எழுத வேண்டிவரும். மழைக்காலத்தில் பக்கம் பக்கமாக "மேகம்". இதையெல்லாம் ஏன் எழுதி நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு விண்மீன் எப்போது மங்கத் தொடங்கியது என்று சொல்ல வேண்டுமானால், எதுவரைக்கும் மங்கவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்காத நாட்களின் பதிவு இல்லாவிட்டால் நடந்த நாளுக்கு அர்த்தமே வராது. என் சொந்த நாட்குறிப்பிலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. பெரிதாக எதுவும் நடக்காத நாளிலும் ஒரு வரி எழுதுகிறேன், யார் பேசினார்கள், எதற்குச் சிரித்தோம், உடம்பு எப்படி இருந்தது என்று. பின்னால் புரட்டும்போது அந்தச் சாதாரண வரிகளைத்தான் அதிக நேரம் படிக்கிறேன்.

இதனால் என்ன பயன்? வருமானம் உண்டா?

வருமானம் இல்லை, வேண்டாம். பயன் என்றால், வெறும் கண்ணால் பார்த்த மதிப்பீடுகளை ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைக்கிற அமைப்புகள் இருக்கின்றன. மாறும் விண்மீன்களைக் கவனிப்பவர்களுக்கான அமெரிக்கச் சங்கம் 1911-லிருந்து இதைச் செய்கிறது, எந்த நாட்டில் இருக்கிறவரும் தன் பதிவை அனுப்பலாம்.

ஆனால் பயன் என்பது எங்கே போய் முடியும் என்று முதலிலேயே யாரால் சொல்ல முடியும்? குட்ரிக் 1784-ல் செபியஸ் கூட்டத்தில் இன்னொரு விண்மீனும் ஒளி மாறுகிறது என்று கண்டுபிடித்தார். அதே வகை விண்மீன்களை ஒளிப்படத் தகடுகளில் அளந்துகொண்டிருந்த ஹென்ரியெட்டா லீவிட், அவரும் காது கேட்கும் திறனை இழந்தவர், ஒரு விஷயத்தைக் கவனித்தார். மெதுவாகத் துடிக்கிறவை, அதாவது வெளிச்சம் கூடிக் குறைய அதிக நாள் எடுக்கிறவை, உண்மையில் அதிகப் பிரகாசமானவை. 1912-ல் வெளியான அந்த விதியை வைத்துத் தூரம் அளக்கலாம், உண்மையான பிரகாசத்தையும் நமக்குத் தெரிகிற பிரகாசத்தையும் ஒப்பிட்டால் போதும். 1923-ல் வானியலாளர் எட்வின் ஹபிள் அப்படி ஒரு விண்மீனை ஆண்ட்ரோமீடாவுக்குள் கண்டுபிடித்தார், அது நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி மண்டலம் என்பது அதனால்தான் உறுதியானது. குட்ரிக்கிடம் அன்று போய் இதனால் என்ன பயன் என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? பார்க்கப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர!

பிடித்ததையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை இல்லையா?

வில்லியம் ஹெர்ஷல் இசைக்கலைஞர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டே தானே செய்த டெலஸ்கோப்பால் 1781-ல் யுரேனஸைக் கண்டுபிடித்தார், அதற்குப் பிறகு அரசர் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார், இசை பின்னால் போய்விட்டது. அவருக்கு அது சரியாக வந்தது. எனக்கு வேலை வேறு, இது வேறு என்று இருப்பதுதான் பிடிக்கிறது. வேலையில் கெடு உண்டு, மேலே ஒருவர் உண்டு, முடிக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டும். இங்கே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்தச் சுதந்திரத்தை விலைக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

நேரம் எப்படிக் கிடைக்கிறது?

ஒரு பதிவுக்குப் பத்து நிமிடம் போதும், கண் பழகும் நேரத்தைச் சேர்த்தால் முக்கால் மணி. தினமும் அல்ல, வானம் தெளிவாக இருக்கும் நாட்களில். ஃபோனில் போகிற நேரத்தை நினைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

நடப்பது உடற்பயிற்சிக்காகவா?

உடம்புக்கு நல்லதுதான், ஆனால் நான் அதற்காக நடக்கவில்லை. ஒரே பாதையில் நடக்கிறேன், வேண்டுமென்றே. பாதை பழகிவிட்டால் வழியைப் பற்றி யோசிக்க வேண்டாம், எந்த மரம் இலை உதிர்த்தது, எந்தச் சுவரில் விரிசல் நீண்டிருக்கிறது என்று கண் தானாகவே கண்டுபிடிக்கும். இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி டார்வின். அவர் 1842-ல் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டார். மண்புழுக்கள் மண்ணை மேலே கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கற்கள் எவ்வளவு ஆழம் புதையும் என்று தெரிந்துகொள்ள. 1871-ல் தோண்டிப் பார்த்தார். 29 வருடத்தில் ஏழு அங்குலம். உலகமே திரும்பிப் பார்த்த ஆராய்ச்சியையெல்லாம் அந்த 29 வருடத்துக்குள் செய்து முடித்த மனிதர், புழு விஷயத்தையும் மறக்கவில்லை பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எப்படிப்பட்ட புத்தகம் பிடிக்கும்?

கடிதங்கள், நாட்குறிப்புகள், பயணக் குறிப்புகள். எழுதும்போது முடிவு என்னவென்று எழுதுகிறவருக்கே தெரியாத எழுத்து எதுவானாலும் பிடிக்கும். வாழ்க்கை வரலாற்றில் எல்லாம் நேராக ஓர் இடத்தை நோக்கிப் போவது போல இருக்கும், நாட்குறிப்பில் அப்படி இருக்காது, பல்வலியும் பக்கத்து வீட்டுச் சண்டையும் பெரிய கண்டுபிடிப்பும் ஒரே பக்கத்தில் கிடக்கும். அகராதி புரட்டுவதும் உண்டு, ஒரு சொல்லைத் தேடிப் போய் வேறு நாலு சொல்லோடு வருவது தனி சந்தோஷம். வருடத்துக்கு எத்தனை புத்தகம் என்று எண்ணுவதில்லை. படித்ததைத்தான் பெரும்பாலும் மறுபடி படிக்கிறேன்.

பாட்டு, சினிமா?

பாட்டில் குரலைவிட வாத்தியம், அதிலும் தனி வாத்தியம். சினிமா நண்பர்கள் கூப்பிட்டால் போவேன், நானாகத் தேடிப் போவதில்லை.

சோதிடம் பார்ப்பீர்களா? கடவுள் நம்பிக்கை உண்டா?

சோதிடம் பார்ப்பதில்லை, நம்பிக்கையும் இல்லை. பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 வருடத்துக்கு ஒரு சுற்று சுழல்கிறது, அதனால் பருவங்களை வைத்து ராசியைக் கணக்கிடும் முறையில் ராசிகளின் பெயருக்கும் வானத்தில் உண்மையில் இருக்கும் கூட்டங்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்துவிட்டது என்பதை மட்டும் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன், வாதாட மாட்டேன். கடவுள் விஷயம் அவரவர் மனசு. அதில் என் கருத்தைச் சொல்லி யாரையும் மாற்ற விரும்பவில்லை.

இவ்வளவு பெரிய வானத்தைப் பார்க்கும்போது மனிதன் ஒன்றுமே இல்லை என்று தோன்றாதா?

நிறையப் பேர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. உருவத்தில் சின்னதாக இருப்பது வேறு, அற்பமாக இருப்பது வேறு. ஆண்ட்ரோமீடாவுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தது ஆண்ட்ரோமீடா அல்ல, மேஜை முன்னால் உட்கார்ந்து கண்ணாடித் தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மனிதர்கள். நம் வாழ்நாள் குறைவு என்பது உண்மைதான், அதனால்தான் எதைக் கவனிக்கிறோம் என்பது முக்கியமாகிறது என்று நினைக்கிறேன். பெரிய லட்சியம், பெரிய சாதனை என்று வைத்துக்கொண்டு அதற்கு வெளியே உள்ள நாட்களையெல்லாம் காத்திருப்பு என்று ஒதுக்கிவிட எனக்குச் சம்மதமில்லை. காத்திருப்பும் வாழ்ந்த நாள்தானே.

வீட்டில் இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறார்களா?

ஒத்துக்கொள்கிறார்கள், கூட வருவதில்லை. அவர்களுடைய விருப்பம் வேறு, அதில் நானும் பாதிதான் கலந்துகொள்கிறேன். இருவருக்கும் ஒரே ரசனை இருந்தால்தான் நெருக்கம் என்று நான் நினைப்பதில்லை. வியாழன் பக்கத்தில் நிலா வந்து நிற்கிற மாதிரி நாட்களில் மட்டும் கூப்பிடுவேன், வந்து பார்ப்பார்கள், ரெண்டு நிமிடம் நிற்பார்கள். அது போதும்.

எனக்கும் ஒரு பொழுதுபோக்கு உண்டு, ஆனால் மற்றவர்களிடம் சொல்லக் கூச்சம். எப்படிப் பேசுவது?

பொழுதுபோக்கின் பெயரைச் சொல்லாதீர்கள், கடைசியாக அதில் பார்த்ததைச் சொல்லுங்கள். "வானியலில் ஆர்வம்" என்றால் கேட்கிறவர் "ஓ, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். "நேற்று ஒரு விண்மீன் என் கண் முன்னால் மங்கியது" என்று சொல்லிப் பாருங்கள், எப்படி, ஏன் என்று கேள்வி வரும். தையலோ தபால்தலையோ செஸ்ஸோ எதுவாக இருந்தாலும் இதே வழிதான். இன்னொரு விஷயம், சொல்லி முடித்ததும் அவர்களிடமும் கேளுங்கள். தனக்குப் பிடித்ததைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

குழந்தைகளுக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

நிலாவிலிருந்து. ஆனால் பௌர்ணமி அன்று வேண்டாம். அன்று சூரிய வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, நிலா தட்டையான வெள்ளைத் தட்டாகத் தெரியும், கண்ணும் கூசும். பாதி நிலா இருக்கும் நாட்களில் பைனாகுலரைக் கொடுத்து, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நிழல் நீளமாக விழும், பள்ளங்களின் விளிம்புகள் துல்லியமாக எழுந்து நிற்கும். என்ன தெரிகிறது என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் சொல்லட்டும். முக்கியமாக, பைனாகுலரின் கயிற்றைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள், பகலில் அதை எடுத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று சொல்லி வையுங்கள், ஒரு நொடியில் கண் போய்விடும். பகலில் எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிடுவது இன்னும் நல்லது.